கம்பி, கேட், கிரில் துரு: கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

தூத்துக்குடியில கட்டுமானக் கம்பி யாவாரம், கடைக்குப் பின்னாடியே வெல்டிங் பட்டறை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், அதனால இங்க துருவைப் பத்தி கேக்காத ஆளே கிடையாது, வாட்ஸ்அப்ல தினமும் யாராவது கம்பி போட்டோ அனுப்பி "அண்ணே இது ஆகுமா ஆகாதா"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதை விட ஒரே இடத்துல எழுதி வச்சா வீடு கட்டுற எல்லாருக்கும் உதவும்னுதான் இது.

அண்ணே, புது டிஎம்டி கம்பி இறக்கி நாலு நாள் கூட ஆகல, அதுக்குள்ள செவந்து போச்சு. பழைய ஸ்டாக்கை தள்ளி விட்டுட்டாங்களா?

செவந்ததை மட்டும் வச்சு அப்படி சொல்ல முடியாது. டிஎம்டி கம்பி மில்லுல பழுக்கச் சிவந்து வெளிய வரும்போதே அது மேல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு வெளித்தோலை சட்டுனு குளிர வைப்பாங்க, அப்புறம் உள்ள இருக்குற சூடு வெளிய வந்து அந்தத் தோலைப் பதமாக்கும், கம்பிக்கு பலம் வர்றதே அந்த முறையிலதான். தண்ணி பட்டு வர்ற இரும்பு, மேல பெயிண்டும் கிடையாது எண்ணெயும் கிடையாது, லாரியில ஒரு மழை வாங்குனா போதும், இல்ல ஒரு ராத்திரி கடல்காத்து பட்டா போதும், மறுநாளே செம்மண் கலர்ல ஒரு பூச்சு வந்துடும். நல்ல பெரிய கம்பெனி கம்பிக்கும் வரும், லோக்கல் கம்பிக்கும் வரும். கம்பியோட தரத்தை துருவை வச்சுப் பாக்காதீங்க, மேல அடிச்சிருக்குற ஐஎஸ்ஐ மார்க்கு, கிரேடு, மில் டெஸ்ட் சர்டிபிகேட், எடை இதை வச்சுப் பாருங்க.

அப்போ எந்தத் துரு பரவால்ல, எந்தத் துரு ஆகாது?

இதுதான் முக்கியமான கேள்வி, இதுக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையா படிங்க. கலரைப் பாக்காதீங்க, துரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா இல்ல கழண்டு வருதான்னு பாருங்க.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து கம்பியை இறுக்கிப் பிடிச்சு ஒரு இழு இழுங்க. துணியில செம்மண் கலர்ல லேசா பொடி மட்டும் ஒட்டுது, கம்பியில முறுக்கு வரி எல்லாம் புதுசு மாதிரியே கூரா இருக்குன்னா அது மேல்துரு, அதை அப்படியே போடலாம். சொல்லப்போனா அந்த மாதிரி கெட்டியா ஒட்டியிருக்குற லேசான துரு கம்பியை சொரசொரப்பாக்கி கான்கிரீட் பிடிப்பைக் குறைக்காமத்தான் வச்சிருக்கும், அதைப் பளபளன்னு தேய்ச்சு எடுக்க கொத்தனாருக்கு கூலி குடுக்கணும்னு அவசியமே இல்ல.

அடுத்த நிலை, தட்டுனா செதிலா கொட்டும். ரெண்டு கம்பியை ஒன்னோட ஒன்னு மோதிப் பாருங்க, கீழ சின்னச் சின்ன சில்லா விழுந்துச்சுன்னா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சே ஆகணும். ஐஎஸ் 456ங்கிற நம்ம நாட்டு கான்கிரீட் விதிமுறையில இதைத் தெளிவாவே சொல்லியிருக்கு, கம்பி மேல கழண்டு வர்ற துரு, கழண்டு வர்ற மில் ஸ்கேல் (மில்லுல சூட்டுல படியுற கருப்புச் செதில்), பெயிண்டு, எண்ணெய், சேறு எதுவும் இருக்கக் கூடாதுன்னு. கவனிச்சுப் பாருங்க, துருவே இருக்கக் கூடாதுன்னு சொல்லல, கழண்டு வர்ற துருதான் இருக்கக் கூடாது.

மூணாவது நிலை, தேய்ச்ச பிறகு அடியில குழி குழியா தெரியும், வரி எல்லாம் மழுங்கி இருக்கும். அங்கதான் எடை போடணும். கம்பியில சரியா ஒரு மீட்டர் வெட்டி, பிரஷ் போட்டு துருவை முழுசா எடுத்துட்டு, மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுலயே வச்சுப் பாருங்க. 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 எம்எம் 617 கிராம், 12 எம்எம் 888 கிராம், 16 எம்எம் 1 கிலோ 580 கிராம் இருக்கணும். கணக்கு நீங்களே போடலாம், விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். புதுக் கம்பிக்கே ஐஎஸ் 1786ங்கிற கம்பி விதிமுறையில கொஞ்சம் சலுகை இருக்கு, ஒத்தக் கம்பியை எடை போடும்போது 10 எம்எம் வரைக்கும் 8 சதவீதம், அதுக்கு மேல 16 எம்எம் வரைக்கும் 6 சதவீதம் குறைவா இருக்கலாம். அதாவது 12 எம்எம் கம்பி 835 கிராமுக்குக் கீழ போச்சுன்னா அதை பீமுக்கும் தூணுக்கும் போட வேணாம், இன்ஜினியர்ட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க. துரு தின்னுருச்சா இல்ல வாங்கும்போதே எடை கம்மியா வந்துச்சாங்கிறது தனிக் கதை, அதனாலதான் கம்பி இறங்குன அன்னைக்கே ஒரு துண்டு வெட்டி எடை போட்டு நோட்ல எழுதி வைங்கன்னு சொல்றேன், பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க அது ஒன்னுதான் கையில இருக்கும்.

எப்படியும் கான்கிரீட்டுக்குள்ள போயிடுதே, அதுக்கு அப்புறம் துரு வளருமா?

கான்கிரீட் நல்லா இருந்தா வளராது. சிமெண்ட் தண்ணியோட சேரும்போது உள்ள பயங்கர காரத்தன்மை வரும், பிஹெச் 12, 13 வரைக்கும் இருக்கும், அந்தக் காரத்துல இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி துருவை நிறுத்திடும். லேசா துருப்பிடிச்ச கம்பியும் உள்ள போனதும் அடங்கிடுறது இதனாலதான்.

அந்தப் படலத்தை உடைக்கிறது ரெண்டு. ஒன்னு உப்பு. குளோரைடு உள்ள போச்சுன்னா காரம் அப்படியே இருந்தாலும் படலம் அங்கங்க ஓட்டையாகி ஊசி குத்துன மாதிரி குழி விழ ஆரம்பிக்கும். ரெண்டாவது காத்துல இருக்குற கரியமில வாயு, அது வருஷக்கணக்குல மெதுவா உள்ள ஏறி காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும், பிஹெச் 9க்குக் கீழ போனதும் கம்பிக்குப் பாதுகாப்பு போச்சு. அதுக்கு அப்புறம் வர்ற துரு, போன இரும்பை விட ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், உள்ள இடம் இல்ல, அதனால கான்கிரீட்டையே வெளிய தள்ளி வெடிக்க வைக்கும்.

அதனால கம்பி மேல இருக்குற செம்பூச்சைப் பாத்து ராத்திரி தூக்கம் கெடுக்காதீங்க, கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியைப் பாருங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐஎஸ் 456 சொல்லுது. கடலோரத்துல போர் தண்ணியை வாயில வச்சாலே கரிக்குது, அதுலயே கலவை போட்டு அதுலயே க்யூரிங்கும் பண்ணா கம்பி எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் காப்பாத்த முடியாது. குடிநீர் வடிகால் வாரிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிக்கலாம், வீட்டுக்கு ஆகுற செலவுல அதெல்லாம் ஒரு காசே இல்ல.

அப்புறம் கவர். கம்பிக்கும் கான்கிரீட் வெளி முகத்துக்கும் நடுவுல இருக்குற கனம். சாதாரண இடத்துக்கு 20 எம்எம், ஆனா கடல்காத்து நேரா படுற இடத்துக்கு அதே ஐஎஸ் 456ல 45 எம்எம், கடல் தண்ணியே தெறிக்கிற இடத்துக்கு 50. நம்ம ஊர்ல பாதி சைட்ல அந்த இடைவெளிக்குன்னு கம்பி அடியில வைக்கிற கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லியைத்தான் அடியில சொருகுறாங்க, சென்ட்ரிங் மேல ஆள் நடந்ததும் ஜல்லி நகந்து கம்பி பலகையிலயே படுத்துடும். கான்கிரீட் போடுற அன்னைக்கு நீங்க மேல ஏறி நின்னு கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மொட்டை மாடியில அடுத்த மாடிக்குன்னு தூண் கம்பியை நீட்டி விட்டுருக்கோம், அஞ்சாறு வருஷம் ஆச்சு, இப்போ மேல கட்டலாமா?

தமிழ்நாட்டுல எந்தத் தெருவுல நிமிர்ந்து பாத்தாலும் இந்தக் கம்பிதான் நிக்குது. பையன் சம்பாதிச்சதும் மேல கட்டுவோம்னு விடுறது, அதைத் தப்புன்னு சொல்லல, ஆனா விடுற விதம்தான் சரியில்ல.

கட்டுறதுக்கு முன்னாடி கம்பி மேல்பக்கம் எப்படி இருக்குன்னு பாக்காதீங்க, அடியில பாருங்க, அதாவது கம்பி கான்கிரீட்டை விட்டு வெளிய வர்ற அந்த முதல் ரெண்டு இஞ்ச். மழைத்தண்ணி கம்பி வழியா இறங்கி வந்து அங்கதான் தேங்கும், தூசி சேரும், பாசி பிடிக்கும், ஈரம் காயவே காயாது. மேல கம்பி தடியா இருக்கும், அடியில இடுப்பு சிறுத்த மாதிரி ஆகியிருக்கும். உளி வச்சு சுத்தி கான்கிரீட்டை கொஞ்சம் கொத்தி எடுத்துட்டு, கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, வெர்னியர் காலிப்பர் வச்சு அளந்து பாருங்க. நல்லா இருந்தா அப்படியே மேல ஜாயிண்ட் குடுத்துக் கட்டலாம். சிறுத்திருந்தா கான்கிரீட்டை இன்னும் ஆழமா கொத்தி நல்ல கம்பி கிடைக்கிற இடத்துல இருந்து லேப் குடுக்கணும் (பழைய கம்பியோட புதுக் கம்பியைப் பக்கத்துல ஏத்தி வச்சு சேத்துக் கட்டுறது), இல்ல பக்கத்துல ஓட்டை போட்டு கெமிக்கல் ஆங்கர்ல, அதான் கம்பியைப் பிடிக்கிற பசையை ஓட்டையில ஏத்தி, புதுக் கம்பி நடணும், இதை இன்ஜினியர் சொல்லாம மேஸ்திரி பேச்சைக் கேட்டு மட்டும் பண்ணாதீங்க.

புதுசா விடப்போறவங்க என்ன பண்ணலாம்னா, கம்பியை பிரஷ் போட்டுட்டு கெட்டியா சிமெண்ட் பால் ரெண்டு கோட்டு அடிங்க, அது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துக்குத் தாங்கும், வெயில்ல வெடிச்சு உரியும்போது திரும்ப அடிக்கணும். ரொம்ப வருஷம் ஆகும்னு தெரிஞ்சா சுத்தி செங்கல் கட்டியோ பைப் வச்சோ சிமெண்ட் கம்மியான கலவையை ஊத்தி மூடிடுங்க, மேல தண்ணி நிக்காம சரிவா முடிச்சு விடுங்க, பிறகு உடைக்க சுலபமா இருக்கும். கட்டும்போது பழைய சிமெண்ட் பால் எல்லாத்தையும் தட்டி எடுத்துடணும், அது கம்பிக்கும் புது கான்கிரீட்டுக்கும் நடுவுல இருந்தா பிடிப்பு வராது. கம்பி மேல வெறும் பிளாஸ்டிக் கவரை மாட்டி கட்டி விடுறது வேண்டவே வேண்டாம், உள்ள வேர்த்து இன்னும் வேகமாத்தான் அரிக்கும்.

கட்டுமானக் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடிச்சுடலாமா?

கூடாது. பெயிண்டு கான்கிரீட்டைப் பிடிக்காது. கம்பிக்குன்னு தனியா பூச்சு இருக்கு, மில்லுல சூடு பண்ணி எபாக்சி பொடி ஏத்துன கம்பி வருது, பச்சை கலர்ல பாத்திருப்பீங்க. காரைக்குடி சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அவங்க கண்டுபிடிச்ச சிமெண்ட் பாலிமர் பூச்சும் பாலங்கள்ல எல்லாம் போடுறாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் குடுத்து 1948ல அடிக்கல் நட்டு 1953ல திறந்த இடம் அது, துருவைப் பத்தி நாட்டுக்கே பாடம் எடுக்குற இடம் நம்ம காரைக்குடியில இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது, நான் வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்றேன். பூச்சு கம்பி எடுத்தா ஒன்னு மட்டும் மறக்காதீங்க, வளைக்கும்போதும் இழுக்கும்போதும் எங்க பூச்சு உரிஞ்சாலும் உடனே டச்சப் பண்ணணும், சின்ன ஓட்டை வழியா ஏறுற துரு அந்த ஒரே இடத்தைக் குடைஞ்சு தின்னும். வீட்டுக்கு, என் அபிப்பிராயம், நல்ல கான்கிரீட்டும் சரியான கவரும் குடுத்தா சாதாரண கம்பியே போதும்.

கம்பியை சைட்ல எப்படி வைக்கிறது?

மண்ணுல படக்கூடாது. அடியில கட்டையோ ஹாலோபிளாக்கோ அடுக்கி தரையை விட்டு அரை அடி தூக்கி வைங்க, மேல தார்ப்பாயைப் போடுங்க, ஆனா நாலு பக்கமும் இறுக்கி மூடாம ரெண்டு பக்கம் காத்து போக விடுங்க. சிமெண்ட் மூட்டை, உப்புத் தண்ணி டிரம், ஆசிட் கேன் பக்கத்துல வேணாம். முக்கியமா ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு முன்னாடி மொத்த வீட்டுக்கும் கம்பி இறக்காதீங்க, விலை ஏறும்னு பயந்து இறக்கி ஆறு மாசம் நனைய விடுறதை விட ரெண்டு தடவையா எடுக்குறது நல்லது.

கேட்டும் கிரில்லும் துருப்பிடிச்சிருக்கு, அதுக்கு மேலயே பெயிண்ட் அடிச்சா நிக்குமா?

நிக்காது. துருங்கிறது ஓட்டை ஓட்டையா இருக்குற பொருள், ஈரத்தையும் உப்பையும் உள்ள பிடிச்சு வச்சிருக்கும், நீங்க மேல பெயிண்டைப் போட்டு மூடுனா அந்த ஈரமும் உப்பும் உள்ளயே இருந்து வேலை பாக்கும், ரெண்டு மூணு மாசத்துல கொப்புளம் கொப்புளமா உப்பி நகத்தால சுரண்டுனா பெயிண்டு, அடியில துரு, ரெண்டும் சேந்து தோலா உரிஞ்சு வரும். பெயிண்ட் வேலையில முக்கால்வாசி உழைப்பு டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

வேலையை வரிசையா சொல்றேன். முதல்ல நல்ல தண்ணியில சோப்பு போட்டு கழுவுங்க, கடலோரமா இருந்தா இது ரொம்ப அவசியம், ஏன்னா உப்போட சேத்துத் தேய்ச்சா உப்பை இரும்புக்குள்ள தள்ளி விடுறீங்க. காஞ்சதும் உப்பி நிக்கிற பெயிண்டு, செதில் துரு எல்லாத்தையும் சுரண்டியில எடுத்துட்டு கம்பி பிரஷ் போடுங்க, நிறைய வேலைன்னா ஆங்கிள் கிரைண்டர்ல கப் பிரஷ் மாட்டிக்கலாம், கண்ணாடி போடாம அதை ஆன் பண்ணாதீங்க, அந்தக் கப் பிரஷ்ல இருந்து கம்பி தெறிச்சு கண்ணுல ஏறுனவங்களை பட்டறைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். மூலைக்கும் டிசைன் சந்துக்கும் 80 நம்பர் உப்புத்தாள், முடிக்க 120. நல்லா இருக்குற பழைய பெயிண்டை முழுசா உரிக்க வேணாம், ஓரத்தை மட்டும் உப்புத்தாள் போட்டு சரிவா இறக்கி விடுங்க. கடைசியா துணியில தின்னர் நனைச்சு துடைச்சு தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் எடுங்க.

துடைச்ச அன்னைக்கே பிரைமர் அடிச்சிடணும், இதுல சமரசமே கிடையாது. இரும்பு வெறுமனா ஒரு ராத்திரி நின்னா காலைல திரும்ப மஞ்சளா ஒரு துரு பூத்திருக்கும். அதேமாதிரி விடியக்காலைலயும் அடிக்காதீங்க, இரும்பைத் தொட்டா ஜில்லுன்னு பனி ஈரம் இருக்கும், இரும்போட சூடு பனி படியுற அளவை விட 3 டிகிரியாவது கூட இருக்கணும்னு பெயிண்ட் கம்பெனிக்காரங்க சொல்றது இதைத்தான். பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு சாயங்காலம் நாலுக்குள்ள முடிங்க.

பிரைமர்ல சாதா ரெட் ஆக்சைடு கடலை விட்டுத் தள்ளி இருக்குற ஊருக்கு ஓகே. கடலுக்குப் பக்கமா இருக்கீங்கன்னா எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் போடுங்க, ரெண்டு டப்பாவா வரும், கலந்து வச்சா சில மணி நேரத்துல கெட்டியாயிடும், அதனால தேவைக்கு மட்டும் கலக்கணும். மேல ரெண்டு கோட்டு எனாமல், வெயில் நேரா படுற கேட்டுக்கு பாலியூரித்தேன். எபாக்சியை மட்டும் மேல்கோட்டா விட்டா வெயில்ல வெளிறி பொடியா உதிரும்.

ரெட் ஆக்சைடு அடிச்சுட்டு "கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சுக்கலாம்"னு ஆறு மாசம் விடுற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. அந்த பிரைமர் மட்டும் தனியா தண்ணியைத் தடுக்காது, அதுக்கடியிலயே துரு ஆரம்பிச்சிருக்கும். பட்டறையில இருந்து கிரில் வரும்போதே பிரைமரோட ஒரு கோட்டு எனாமலும் சேத்து அடிச்சுக் குடுங்கன்னு கேளுங்க, அதுவும் சுவத்துல பதியுற ஓரங்களுக்கு கண்டிப்பா, பதிஞ்ச பிறகு அங்க பிரஷ் போகாது.

எல்லாம் ஒழுங்கா பண்ணியும் கேட்டோட அடிப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப அரிக்குதே?

உள்ள இருந்து அரிக்குது. கேட்டு செய்யுற டியூப் உள்ள வெத்தா இருக்கும், 16 கேஜ்னா சுவர் கனம் வெறும் 1.6 எம்எம்தான். மேல ஸ்க்ரூ ஓட்டை, வெல்டிங் சரியா மூடாத சந்து, ஏதோ ஒரு வழியா மழைத்தண்ணி உள்ள இறங்கி அடி டியூப்ல தேங்கிடும், நீங்க வெளிய எத்தனை கோட்டு அடிச்சாலும் அது உள்ள தின்னுக்கிட்டே இருக்கும். அடி டியூப்ல கீழ்ப்பக்கமா ரெண்டு மூணு இடத்துல 6 எம்எம் ஓட்டை போட்டு விடுங்க, தண்ணி வடிஞ்சிடும், மேல இருக்குற சந்தை எல்லாம் வெல்டு வச்சோ சீலன்ட் வச்சோ அடைங்க. புதுசா செய்யும்போதே டியூப் முனையை எல்லாம் தகடு வச்சு மூடச் சொல்லுங்க.

வெல்டிங் இடத்துல மட்டும் துரு வருதுன்னா அங்க கசடைத் தட்டாம பெயிண்ட் அடிச்சிருக்காங்க. வெல்டு வச்சதும் மேல கண்ணாடி மாதிரி ஒரு கசடு உக்காந்திருக்கும், அதைச் சுத்தியல்ல தட்டி பிரஷ் போட்ட பிறகுதான் பிரைமர். டெலிவரி எடுக்கும்போது ஒவ்வொரு ஜாயிண்டையும் விரலால தடவிப் பாருங்க.

ஆசிட் ஊத்துனா துரு அஞ்சு நிமிஷத்துல போயிடுதுன்னு வீடியோ பாத்தேன், பண்ணலாமா?

போகும், ஆனா வேணாம். பாத்ரூம் கழுவுற ஆசிட்ங்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதுல இருக்குற குளோரைடு சந்து பொந்துல தங்கிடும், எவ்வளவு கழுவுனாலும் வெல்டிங் இடுக்குல இருந்து முழுசா போகாது, முன்ன விட வேகமா துரு ஏறும். அந்தப் புகை பக்கத்துல இருக்குற மத்த இரும்பையும் துருவாக்கும், நெஞ்சையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோட மட்டும் சேந்துடக் கூடாது, குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

ஸ்பேனர், போல்ட்டு, கத்தரிக்கோல் மாதிரி சின்னச் சாமானுக்கு சிட்ரிக் ஆசிட், அதான் எலுமிச்சை உப்புன்னு மளிகைக்கடையில குடுக்குறது, அது நல்லது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 100 கிராம் போட்டு பிளாஸ்டிக் வாளியில ராத்திரி ஊற விடுங்க, காலைல பிரஷ் போட்டா கருப்பா கழண்டு வரும், உடனே கழுவி, சமையல் சோடா கரைச்ச தண்ணியில ஒரு முக்கு முக்கி, வெயில்லயோ அடுப்புப் பக்கத்துலயோ நல்லா காய வச்சு எண்ணெய் தடவிடுங்க. ஜிஐ சாமானை, அதான் துத்தநாகம் பூசுன இரும்பை, இதுல போடாதீங்க, துத்தநாகம் மொத்தமா கரைஞ்சு போயிடும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர்னு ஒரு பாட்டில் விக்குறாங்களே, நெசமாவே வேலை செய்யுமா?

செய்யும், அளவோட. அதுல பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிடோ டானிக் ஆசிடோ இருக்கும், துருவோட சேந்து அதைக் கருப்பான, தண்ணியில கரையாத ஒரு பொருளா மாத்திடும். அந்தக் காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் சேத்து கருப்பு மை காய்ச்சுனாங்க இல்லையா, அதே வேதியியல்தான், கடுக்காயில இருக்குறது டானின், அன்னபேதியில இருக்குறது இரும்பு. பிரஷ் போக முடியாத சந்து, டிசைன் கம்பி, பழைய படிக்கட்டுக் கைப்பிடி இதுக்கெல்லாம் நல்லா உதவும். ஆனா செதில் துருவைத் தட்டி எடுத்த பிறகுதான் போடணும், தடியா இருக்குற துரு மேல போட்டா மேல்தோல் மட்டும் கருத்து அடியில அப்படியே இருக்கும். போட்டதோட விட்டுடவும் கூடாது, மேல பிரைமரும் பெயிண்டும் வரணும். கான்கிரீட்டுக்குள்ள போற கம்பிக்கு கடைக்காரர் பேச்சைக் கேட்டு இதை வாங்கி ஊத்தாதீங்க.

ஜிஐ ஷீட்டு துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே குடுத்தாங்க, வெள்ளையா ஏதோ பூத்திருக்கு?

அது வெள்ளைத் துரு, இரும்போடது இல்ல, மேல இருக்குற துத்தநாகத்தோடது. ஷீட்டை ஒன்னு மேல ஒன்னு அடுக்கி நடுவுல ஈரம் மாட்டிக்கிட்டா, காத்து போகாத இடத்துல அப்படி பூக்கும். லேசா இருந்தா நைலான் பிரஷ்ல தேய்ச்சு கழுவி காய வைங்க, பிரிச்சு காத்தாட நிறுத்தி வைங்க, போதும். அடியில கருப்பாவோ செவப்பாவோ தெரிஞ்சா பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம்.

துத்தநாகம் இரும்பை விட முன்னாடி தான் அரிபடும், அது இருக்குற வரைக்கும் சின்னக் கீறல்ல கூட இரும்புக்கு ஒன்னும் ஆகாது. ஆனா வெல்டிங் வச்ச இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், அங்க துத்தநாகம் நிறைய இருக்குற ஜிங்க் ரிச் பெயிண்டு அடிச்சே ஆகணும். இன்னொன்னு, புது ஜிஐ மேல நேரா எனாமல் அடிச்சா சில மாசத்துல தகடு தகடா உரியும், ஜிஐக்குன்னு இருக்குற பிரைமரைக் கேட்டு வாங்குங்க.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடியில டீக்கறை மாதிரி புள்ளி வருது. எஸ்எஸ் துருப்பிடிக்குமா?

பிடிக்கும். எஸ்எஸ்ல இருக்குற குரோமியம் மேல ஒரு படலத்தை உண்டாக்குது, உப்பு அதைக் குடையும். 304ங்கிற கிரேடுல ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், 316ல கூடவே 2ல இருந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கு, கடலோரத்துக்கு அதுதான் தாங்கும். விலை கம்மியா கிடைக்கிற 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, வீட்டுக்குள்ள ஓகே, கடற்கரை வீட்டு பால்கனிக்கு ஆகாது. காந்தம் ஒட்டலைன்னா 304னு ஒரு பேச்சு ஓடுது, அதை நம்பாதீங்க, 202லயும் காந்தம் ஒட்டாது. பில்லுல கிரேடு எழுதி வாங்குங்க.

பாதி நேரம் அந்தப் புள்ளி எஸ்எஸ்ஸோடதே இல்ல. பக்கத்துல சாதா இரும்பை கிரைண்டர்ல அறுத்திருப்பாங்க, அந்தப் பொறி பறந்து வந்து எஸ்எஸ் மேல ஒட்டி அது துருப்பிடிக்கும், இல்ல இரும்பு நார் போட்டுத் தேய்ச்சிருப்பாங்க. எலுமிச்சை உப்புத் தண்ணியில துணியை நனைச்சு கொஞ்ச நேரம் ஒத்தி வச்சு, பச்சை நைலான் நார்ல கோடு ஓடுற திசையிலயே தேய்ச்சு கழுவிடுங்க. கடலோரத்துல வாரம் ஒரு தடவை நல்ல தண்ணியில துடைச்சாலே பாதி பிரச்சனை வராது.

தோசைக்கல், அருவாமனை துருப்பிடிச்சா தூக்கிப் போட்டுடணுமா?

ஐயோ வேணாம். வார்ப்பு தோசைக்கல்லை கல் உப்பும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்ச்சு, சோப்பு போட்டு ஒரு தடவை கழுவி, உடனே அடுப்புல ஏத்தி ஈரம் சுண்ட விடுங்க. அப்புறம் நல்லெண்ணெய் ரொம்ப மெல்லிசா தடவி புகை வர்ற வரைக்கும் காய்ச்சி ஆற விடுங்க, மூணு நாலு தடவை இப்படிப் பண்ணா பழையபடி கருப்பா பழகிடும். அருவாமனைக்கு புளியோ எலுமிச்சம்பழத் தோலோ போட்டுத் தேய்ச்சு துடைச்சு தேங்காயெண்ணெய் தடவி வைங்க.

கடலுக்குப் பக்கத்துலயே வீடு, என்னதான் பண்றது?

பாம்பன் பாலத்தைப் பாருங்க. 1914ல திறந்த பழைய ரயில் பாலம், நூறு வருஷத்துக்கு மேல உப்புக்காத்துல நின்னுச்சு, அது சும்மா நிக்கல, ஆட்கள் விடாம தேய்ச்சு பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருந்ததால நின்னுச்சு. 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்துனாங்க, 2025 ஏப்ரல் 6ல புதுப் பாலம் திறந்தாங்க, அதுல கான்கிரீட்டுக்குள்ள எஸ்எஸ் கம்பியும் வெளிய பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் போட்டிருக்காங்க. வீட்டுக்கு அவ்வளவு வேணாம், ஆனா முறை அதேதான். வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிஞ்சு தை மாசத்துல, கேட்டு கிரில்லு எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவி, எங்கெல்லாம் பொட்டு வச்ச மாதிரி துரு தெரியுதோ அங்க மட்டும் தேய்ச்சு பிரைமரும் பெயிண்டும் டச்சப் பண்ணுங்க. அரை நாள் வேலை. கடல் பாத்த ஜன்னலுக்கு முடிஞ்சா அலுமினியமோ யுபிவிசியோ போடுங்க, கிரில் வேணும்னா ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணி, அதான் உருகுன துத்தநாகத்துல முக்கி எடுத்து, அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு வாங்குங்க.

சீலிங்ல சிமெண்ட் கொட்டி கம்பி தெரியுது, பூசி விட்டா போதுமா?

வெறும் பூச்சு பூசுனா ஆறு மாசத்துல பக்கத்துல கொட்டும். முதல்ல மேல தண்ணி எங்க இருந்து இறங்குதுன்னு பாத்து அதை அடைக்கணும். அப்புறம் தொளதொளன்னு இருக்குற கான்கிரீட்டை எல்லாம் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவு கொத்தி, கம்பியைச் சுத்தி எல்லாப் பக்கமும் இரும்பு தெரிய பிரஷ் போட்டு, ரிப்பேருக்குன்னு இருக்குற துரு தடுப்புப் பூச்சு அடிச்சு, பாலிமர் கலந்த மோர்ட்டார்ல அடுக்கடுக்கா பூசணும். கம்பி சிறுத்திருந்தா கூடவே புதுக் கம்பி கட்டணும். படுக்கிற இடத்துக்கு மேல இப்படி இருந்தா இன்ஜினியர் வந்து பாக்குற வரைக்கும் கட்டிலை நகத்திப் போடுங்க, பிள்ளைகளை அடியில படுக்க விடாதீங்க.

துருப்பிடிச்ச ஆணி குத்திடுச்சு...

இதையும் கேக்குறாங்க, அதனால சொல்றேன். ரண ஜன்னி, அதான் டெட்டனஸ், அதை வர வைக்கிறது துரு இல்ல, மண்ணுலயும் சாணியிலயும் இருக்குற கிருமி, ஆணி ஆழமா குத்தும்போது அதை உள்ள கொண்டு போயிடும், அது புது ஆணியாவும் இருக்கலாம். ரத்தம் வரலைன்னு விட்டுடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கழுவிட்டு அன்னைக்கே பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் கடைசியா எப்போ டெட்டனஸ் தடுப்பூசி போட்டீங்கன்னு சொல்லிடுங்க, மிச்சத்தை டாக்டர் பாத்துக்குவாங்க. சைட்ல வேலை பாக்குற ஆட்களுக்கும் இதைச் சொல்லி வைங்க, சென்ட்ரிங் பலகை பிரிக்கிற அன்னைக்குத்தான் நிறைய பேருக்கு ஆணி ஏறுது.